ஆறாவது முகம்

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது படியேறி வீட்டுக்குள் போனேன். அப்புறம் வெகுகாலம் தெருவும் வீடும் சமமாக இருந்தன. கடைசியில் படியிறங்கிப் போக வேண்டியதாயிற்று. வீடு அசையவில்லை. ரோடுதான் ஏறிக்கொண்டே வந்தது.

திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் தெரு. ரோடு போட வருகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்து நான் பார்த்ததில்லை. அதன் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி, உருளையை ஓட்டி, ஆவி பறக்கும்போதே கிளம்பிவிடுவார்கள். தோசை மேல் தோசை போடுகிற மாதிரி ரோடு மேல் ரோடு. ஒவ்வொரு முறையும் எங்கள் வாசல் ஒரு விரற்கடை பள்ளத்தில் போகும். தெருவில் நடந்து போகிறவர்களின் செருப்பு எங்கள் ஜன்னலுக்கு நேரே தெரிய ஆரம்பித்தபோதுதான் எவ்வளவு கீழே போய்விட்டோம் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் வீடு என்று சொல்கிறேனே, அது பாதிக் கட்டடம்தான். என் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் சேர்ந்து கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெட்டி. உள்ளே நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் பச்சை வர்ணம், நாங்கள். அந்தப் பக்கம் ரோஸ் வர்ணம், என் ஓரகத்தி வீடு. தெருவைப் பார்த்த அந்த நடுச்சுவரின் முனையில் ஒரு பலகைக்கல் பதித்திருக்கிறார்கள். பால் பாக்கெட் வைப்பதற்கு. இடது ஓரத்தில் என்னுடையது, வலது ஓரத்தில் அவளுடையது. நடுவில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். அது எந்த வீட்டுப் பூனை என்று இன்றுவரை தீர்மானமாகவில்லை.

ரோடு ஏறியதும் மழைத்தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. என் கொழுந்தனார் முதலில் தன் வீட்டுத் தரையை ஏற்றினார். கல்லும் மண்ணும் கொட்டி, மேலே சிமென்டு பூசினார். தண்ணீருக்கு என்ன தெரியும், தாழ்ந்த பக்கம் போகும். அந்த வருஷம் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதும் சேர்த்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. உடனே என் வீட்டுக்காரர் அவர்களைவிடக் கொஞ்சம் உயர்த்திப் போட்டார். அடுத்த மழை அங்கே போனது. அவர் மறுபடி ஏற்றினார். இவர் மறுபடி. தரை ஏறியது, கூரை இருந்த இடத்தில் இருந்தது. கதவின் அடியை அறுத்தோம். கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் மின்விசிறியில் படும். மாப்பிள்ளை வந்தால் தலையைக் குனிந்துகொண்டேதான் பேசுவார். மாமியாருக்கு எவ்வளவு மரியாதை தருகிறார் பார் என்று பக்கத்தில் உள்ளவர்கள் சொல்வார்கள்.

இதில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றது. அவர்கள் பேசாததால் நானும் ஓரகத்தியும் பேசவில்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பேசாமை மட்டும் மிச்சம் இருந்தது. அதை யார் முதலில் எடுப்பது என்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தோம்.

பேசவில்லை என்றால் வாய் பேசவில்லை என்று அர்த்தம் இல்லை. ஜாடையாகப் பேசுவோம். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். நான் குழம்பு தாளித்தால் அவளுக்கு மணக்கும். "ஐய, யாரு வூட்லயோ கருவாடு தீயுது, ஏ பூன, போய்ச் சொல்லு," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும். நான் ஓடிப் போய் அடுப்பை அணைப்பேன். அவளுக்கு மீன் விற்கிற தொண்டை, தெருமுனையில் பேசினால் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். எனக்கோ பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே இரண்டு தடவை வாயைத் திறந்து மூட வேண்டும். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிய காலத்தில்கூட, "அந்தம்மா ஊமையா?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

போன மழைக்கு முந்தைய மழையில் தண்ணீர் கட்டில் வரை வந்தது. அரிசி டிரம் மிதந்துபோய்க் கதவில் இடித்துக்கொண்டு நின்றது. தண்ணீர் வடிந்ததும் பெரம்பூரிலிருந்து என் மகள் வந்தாள். சேற்றை வழித்துக்கொண்டே சொன்னாள்.

"எம்மா, போதும். வித்துட்டு எங்கூட வந்துடு."

"இத யாரு வாங்குவா?"

"மண்ணுக்காக வாங்குவான். இடிச்சிட்டுப் புதுசா கட்டுவான். நீ எதுக்கு இந்தக் கிணத்துக்குள்ள குந்திகினு கீற?"

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் அவளுடையது மாடியில் ஒரே அறை. அதில் நான் எங்கே உட்கார்ந்தாலும் யாருக்காவது வழியில் உட்கார்ந்திருப்பேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வூட்டத் தூக்கறாங்களாமே, ஜாக்கி வச்சி. அங்க மார்க்கெட் பக்கம் ஒரு வூட்ட தூக்கிட்டாங்க," என்று மட்டும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். மறு வாரமே அந்த வேலை செய்கிற மேஸ்திரியைக் கூட்டி வந்தாள்.

மேஸ்திரி வடக்கத்திக்காரர். ஆனால் தமிழை எங்கள் பக்கத்துத் தெருக்களில் நின்று கற்றுக்கொண்டவர், அதனால் இந்தியை நாக்கில் வைத்துக்கொண்டு எங்கள் பாஷையைப் பேசுவார். சுவரைத் தட்டினார், மூலையைப் பார்த்தார், வெளியே போய் எதிர்வீட்டு வாசலில் நின்று முழுசாகப் பார்த்தார்.

"அம்மா, தூக்கலாம். ஆனா ஒரு பேஜார் கீது."

"இன்னாபா?"

"நடு தீவார். சுவர். இது உன்னிது பாதி, அந்தம்மா பாதி. கூரை ரெண்டும் இதுமேல குந்திகினு கீது. உன் வூடு மட்டும் தூக்கினா சுவர் உன்கூட வருமா, அந்தம்மா கூட நிக்குமா? ரெண்டு வூடு இல்ல அம்மா. ஒரே வூடு. ரெண்டும் சேந்து தூக்கணும். இல்லாட்டி ஒண்ணும் இல்ல."

மகள் என்னைப் பார்த்தாள். "சித்திகிட்ட நான் கேக்க மாட்டேன். எனக்கு நீ அங்க வர்றதுதான் இஷ்டம். தூக்கணும்னா நீயே கேளு. மழைக்கு முன்னாடி கேட்டா தூக்கலாம், இல்லாட்டி விக்கலாம்." என் வீட்டுக்காரர் விட்டுப்போன பணம் பேங்கில் கிடந்தது. அதற்குக் குறையில்லை. நான் அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் எனக்கு மலையாக நின்றது.

மேஸ்திரி "ஒரே வூடு" என்று சொன்னதும் எனக்கு ஐந்தாவது வகுப்பு ஞாபகம் வந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஒரு நாள் டீச்சர் துணி துவைக்கிற பார் சோப்பு ஒன்றைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். "இதுக்கு எத்தனை முகம்? யார் எண்ணுறது?" என்று கேட்டு, யாரும் கையைத் தூக்காததால் என்னை எழுப்பிவிட்டார். நான் போய் எண்ணினேன். மேலே ஒன்று, சுற்றி நாலு. "அஞ்சு டீச்சர்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. டீச்சர் திட்டவில்லை. என் கையைப் பிடித்துச் சோப்புக்கு அடியில் நுழைத்தார். அங்கே ஈரமாக, வழவழவென்று இன்னொரு முகம் இருந்தது. "அது மேஜையோட ஒட்டிகிட்டு இருக்கு. அதனால கண்ணுக்குத் தெரியல. முழுப் பொருளும் அது மேலதான் நிக்குது," என்றார்.

அப்புறம் ஒரு நூலால் அந்தச் சோப்பைக் குறுக்கே வெட்டினார். "இப்ப புதுசா எத்தனை முகம் பொறந்துச்சு?" ஒரே வெட்டுதான், ஆனால் முகம் இரண்டு. இந்தத் துண்டுக்கு ஒன்று, அந்தத் துண்டுக்கு ஒன்று. இரண்டும் அச்சடித்த மாதிரி ஒரே அளவு. பிறகு இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அழுத்தினார். "இப்ப அந்த ரெண்டு முகமும் எங்க?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரிந்தது, ஆனால் முதலில் பட்ட சிரிப்பு போதும் என்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மேஸ்திரி போன பிறகு நடுச்சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். என் பக்கம் பச்சை. கைக்கு அந்தப் பக்கம், ஒரு முழத்துக்குள், ரோஸ்.

மறுநாள் காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வைத்துவிட்டு நானும் ஓரகத்தியும் அவரவர் வாசலில் நின்றிருந்தோம். பூனை பலகைக்கல்லில் உட்கார்ந்திருந்தது. நான் அதைப் பார்த்துச் சொன்னேன்.

"பூனையே, வூட்டத் தூக்கலாம்னு சொல்றாங்க."

அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஐய, இந்தப் பூனைக்குக் காது கேக்கலியாம். கொஞ்சம் வாயத் தொறந்து சொல்லச் சொல்லு."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "ரெண்டு வூடும் சேந்தாத்தான் தூக்க முடியுமாம் பூனையே. சுவரு ஒண்ணாம்."

"சுவரு ஒண்ணுன்னு இப்பத்தான் தெரியுதாமா பூன? அன்னிக்கு மயத்தண்ணிய எங்க வூட்டுக்குத் தள்ளிவுட்டப்ப தெரியலியாமா?"

"யாரு மொதல்ல தள்ளிவுட்டதுன்னு பூனைக்குத் தெரியும்."

"பூன அப்ப பொறக்கவே இல்ல!"

குடத்துக்காரிகள் எல்லாம் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது அவள் கொஞ்சம் இறங்கின குரலில், "ஏ பூன, கேளு. என் புள்ள காட்டுப்பள்ளிக்குக் கப்பல் வேலைக்குப் போறவன், அவனும் தூக்கணும்னுதான் சொல்லிகினு கீறான். ஆனா தூக்கினப்பால தரை யாருது ஒசரம்? அத மொதல்ல சொல்லச் சொல்லு," என்றாள்.

இதுதான் இடம் என்று எனக்குத் தெரிந்தது. இதில் தப்பாக ஒரு வார்த்தை வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரம்பூர் போக வேண்டியதுதான்.

"ரெண்டும் ஒரே மட்டம்னு சொல்லு பூனையே. நூலு புடிச்ச மாதிரி."

லாரி வந்து நின்றது. அதே நேரம் மேஸ்திரியும் வந்து சேர்ந்தார். எங்கள் இருவர் வாயையும் பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். "யார்கிட்ட பேசறீங்க அம்மா?"

"பூனகிட்ட," என்றாள் அவள். "நைனா, நீ எப்ப ஜாக்கி எடுத்தாருவ? அத்தச் சொல்லு."

வேலை ஆரம்பித்தது. சாமான்களை எடுத்துப் பக்கத்துத் தெருவில் ஒரு அறையில் போட்டோம். நான் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அதே தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் உட்காருவாள். பூனை நடுவில் வராது, அவளுடைய மீன் கூடைப் பக்கமே போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் தரையை உடைத்தார்கள். என் அறையின் ஓரத்தை வெட்டினபோது பக்கவாட்டில் தெரிந்ததை நான் மறக்க மாட்டேன். மேலே மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த டைல்ஸ். அதற்கடியில் மண். அதற்கடியில் வெறும் சிமென்டு. மறுபடி மண். கடப்பாக் கல். மண். எல்லாவற்றுக்கும் கீழே, கறுப்புக் கரை போட்ட சிவப்புத் தரை. நான் கல்யாணமாகி வந்து ஈரக்காலோடு நடந்த தரை அது. ஒன்றையொன்று தொடாமல், ஒன்றுக்கொன்று கோணாமல், அடுக்கி வைத்த தட்டுகள் மாதிரி அத்தனை தரையும் அங்கேயே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் நான் நடந்திருக்கிறேன். நடக்கும்போது இதுதான் தரை, இதற்குக் கீழே ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

அவள் வீட்டிலும் அதே மாதிரிதான். மண்ணெல்லாம் வாரின பிறகு இரண்டு பக்கமும் அந்தப் பழைய சிவப்புத் தரைதான் தெரிந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மட்டத்தில். எது உயரம் என்று அத்தனை வருஷம் அடித்துக்கொண்டதெல்லாம் டிப்பரில் ஏறிப் போனது.

பிறகு சுவர்களின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, கட்டை வைத்து, ஜாக்கியை வரிசையாக நட்டார்கள். நடுச்சுவருக்கு அடியிலும் குடைந்தார்கள். அந்தச் சந்து வழியாகப் பார்த்தால் அந்த வீட்டின் உள்ளே நிற்கிற ஆட்களின் கால் தெரிந்தது.

தூக்குகிற அன்று காலையில் அவள் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். அகலமான பித்தளைத் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர், மேலே ஒரு வெற்றிலை. பெரிய காரியம், தெருவே வேடிக்கை பார்க்கிறது, கண் படாமல் இருக்க வேண்டும். வீடு ஏறி முடிந்ததும் சுற்றிக் கொட்டுவதற்காக அந்தத் தட்டைப் பலகைக்கல்லின் மேல் வைத்தாள். சரியாக நடுவில். இந்த ஓரம் நானும் அந்த ஓரம் அவளும் பால் பாக்கெட் வைக்கிற கல்லில் அத்தனை வருஷத்தில் நடுவில் ஒரு பொருளை யாரும் வைத்ததில்லை.

மேஸ்திரி ஊதலை எடுத்தார். ஒவ்வொரு ஜாக்கியிலும் ஒரு ஆள். ஊதல் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பியைக் கால்வட்டம் திருப்புவார்கள். நிற்பார்கள். மறுபடி ஊதல். மறுபடி கால்வட்டம். ஒருத்தன் அதிகமாகத் திருப்பினாலும் தப்பு, குறைத்துத் திருப்பினாலும் தப்பு. நடுநடுவே மேஸ்திரி தண்ணீர் நிரப்பின டியூபை ஒவ்வொரு மூலையாக எடுத்துப் போய் மட்டம் பார்ப்பார்.

வீடு ஏறுவது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நம்பித்தான் பார்க்க வேண்டும். அதனால் நான் வீட்டைப் பார்க்காமல் அந்த ஆரத்தித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டவே போய் நின்றுகொண்டேன். ஊதல் கேட்கிற ஒவ்வொரு முறையும் வெற்றிலை லேசாக நடுங்கும், பிறகு நிற்கும். பார்க்க நன்றாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வெற்றிலை நகர்ந்தது. தெருப்பக்கத்து ஓரத்தை விட்டு உள்பக்கமாகப் போய்த் தட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு ஊதல். தெருப்பக்கத்து ஓரத்தில் தட்டின் அடி ஒரு நகக்கீற்று அளவுக்கு வெளுப்பாகத் தெரிந்தது. தண்ணீர் அங்கிருந்து விலகியிருந்தது. யாரும் தட்டைத் தொடவில்லை. தண்ணீர் எப்போதும் போல மட்டமாகத்தான் நிற்கிறது. சாய்ந்தது தட்டு. தட்டு சாய்ந்தால் கல் சாய்ந்திருக்கிறது. கல் சாய்ந்தால் சுவர், சுவர் சாய்ந்தால் மொத்தப் பெட்டியும் பின்பக்கம் இறங்குகிறது.

பின்பக்கம் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே, நடுச்சுவரின் கடைசியில், பழைய அடிபம்புக் குழி. சமையலறைகளைக் கட்டினபோது அண்ணனும் தம்பியுமாகக் குப்பையும் கல்லும் போட்டு அதை மூடி, அதன் மேலேயே சுவரை நீட்டியிருந்தார்கள். மேலே பார்த்தால் எல்லா இடத்து மண்ணும் போலத்தான் இருக்கும். மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

மேஸ்திரி அந்தக் கோடியில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். வாயில் ஊதல். நான் "மேஸ்திரி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் அவள்தான் நின்றிருந்தாள். அவள் கையைப் பிடித்தேன்.

"இன்னாமே," என்றேன். "தட்டப் பாருமே. தண்ணி பின்னால போவுது. பம்புக் குயி..."

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் பெரிதாகிவிட்டது. "யக்கா! குயி கீதுன்னு நீ அவன்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் நீ சொல்லிகீறன்னு கம்முனு இருந்தேன்!"

அடுத்த நொடி அவள் திரும்பிக் கத்தின கத்தலில் எதிர்வீட்டு மாடியிலிருந்து காக்கைகள் பறந்தன. "டேய்! நிறுத்துங்கடா! கம்பியிலேர்ந்து கைய எடுங்கடா! ஏய் மேஸ்திரி, அந்த ஊதல வாயிலேர்ந்து எட்றா!"

எல்லாம் நின்றது. மேஸ்திரி ஓடி வந்தார். "இன்னா ஆச்சு அம்மா?"

"பின்னால நடுச்சுவத்துக்கு அடியில பம்புக் குயி கீது நைனா. பழய குயி. வூடு அங்க இறங்குது."

மேஸ்திரி டியூபைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வேர்வை. "ஜாக்கிக்குக் கீய பலகை மண்ணுல போய்கினு கீது. இன்னும் ரெண்டு ஊதல் ஊதியிருந்தா சுவர் ஒடஞ்சிருக்கும். ஏம்மா, குயி கீதுன்னு யாரும் சொல்லலியே!"

"எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது," என்றாள் அவள். "எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்ல. போதுமா?"

மேஸ்திரி அவளையும் என்னையும் பார்த்தார். நான் இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ இந்தியில் முனகிக்கொண்டு ஆட்களைக் கடப்பாரை எடுக்கச் சொன்னார்.

குழியைத் தோண்டிக் கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை வேலையை நிறுத்தி வைத்தார்கள். தோண்டும்போது பம்பின் இரும்புக் கைப்பிடி கிடைத்தது. அந்தக் கைப்பிடிக்கு ஒரு கதை உண்டு. தம்பிதான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன்தான் போட்டார் என்று அந்த வீட்டில் சொல்வார்களாம். அது இரண்டு வீட்டுக்கும் நடுவில், சரியாகச் சுவருக்கு அடியில் கிடந்தது. அவள் அதை வாங்கித் துடைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் எயுந்து வந்து பாத்தா நல்லா இருக்கும்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் கலங்கியது.

மறுபடி ஊதல் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது தட்டில் புதுத் தண்ணீர் கரைத்து வைத்தாள். நான் தட்டைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். நான் புருவத்தைத் தூக்கினாலே போதும், அவள் கத்தத் தயாராக நின்றாள். கத்த வேண்டிய தேவை வரவில்லை. வெற்றிலை நடுவிலேயே நின்றது.

வேண்டிய உயரம் ஏறிவிட்டது என்று மேஸ்திரி சொன்ன அன்று, ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் தெருவில் குந்திக் கீழே பார்த்தேன். சுவர்களுக்கும் தரைக்கும் நடுவில் ஜாக்கிகளும் கட்டைகளும். அவற்றின் மேல் வீடு நின்றுகொண்டிருந்தது. அதன் அடி தெரிந்தது. செங்கல் வரிசை, நடுவில் சுண்ணாம்பு, அதில் ஒட்டிய கிளிஞ்சல். யாரும் பார்க்க வேண்டும் என்று பூசாதது, வர்ணம் அடிக்காதது. அங்கே பச்சையும் இல்லை, ரோஸும் இல்லை. எங்கள் வீடு எங்கே முடிகிறது, அவள் வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்த முகத்தில் ஒரு கோடுகூட இல்லை.

கையை நீட்டி அதைத் தொட்டேன். ஈரமாக இருந்தது.

"இன்னாக்கா தேடற?" என்றாள் பின்னால் நின்று.

"ஒண்ணுமில்லமே. ஆறாவது முகம்."

"இன்னாது?"

சோப்புக் கதையைச் சொன்னேன். நானாக ஒரு கதையை முழுசாக ஒருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி எட்டிப் பார்த்தாள். "அஞ்சுன்னு சொன்னியா? நானா இருந்தா ஒண்ணுன்னு சொல்லியிருப்பேன். எனக்கு இஸ்கோலே தெரியாது," என்றாள்.

அப்புறம் அடியில் புதுச் சுவர் எழுப்பி, உள்ளே மணல் நிரப்பினார்கள். தரை போடும் நாளில் மேஸ்திரி என்னிடம் வந்து, "எவ்ளோ ஒசரம் அம்மா?" என்று கேட்டார். "அவங்க எவ்ளோ சொல்றாங்களோ அவ்ளோ," என்றேன். அவர் அந்தப் பக்கம் போய்க் கேட்டார். சுவர் வழியாகக் கேட்டது. "அவங்க எவ்ளோ சொன்னாங்களோ அவ்ளோ போடுபா." மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு நடுவாசலில் நின்றதை நான் பார்த்தேன். கடைசியில் டியூபின் ஒரு முனையை என் அறையிலும் மறு முனையை அவள் அறையிலும் பிடித்து, இரண்டிலும் தண்ணீர் நின்ற இடத்தில் கோடு போட்டார். அந்தக் கோடுதான் இப்போது எங்கள் இருவருக்கும் தரை.

விசிறி இப்போது எட்டாத உயரத்தில் சுற்றுகிறது. மாப்பிள்ளை நிமிர்ந்து நின்று பேசுகிறார். மரியாதை குறைந்துவிட்டது என்று ஓரகத்தி சொல்கிறாள்.

போன மழைக்குத் தெருவில் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. வாசலில் புதிதாகக் கட்டின படிகளில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஏறியது. கீழ்ப்படியைத் தொட்டது. என் படியையும் அவள் படியையும் ஒரே நேரத்தில் தொட்டது. அதற்கு மேல் ஏறவில்லை. பூனை மேலே பலகைக்கல்லில் வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கியது.

மகள் போன் செய்தாள். "எம்மா, தண்ணி வூட்டுக்குள்ள வந்துச்சா? வண்டி எடுத்துகினு வரட்டா? ஏம்மா, பேசு, கேக்கல."

மழைச் சத்தத்தில் என் குரல் போய்ச் சேரவில்லை. ஓரகத்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"வர்ல கண்ணு! படியோட நின்னுடுச்சி! உங்கம்மா எங்கியும் வராது. சாயங்காலம் எங்க வூட்ல மீன் கொழம்பு. நீ வேணும்னா வா."

பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பூனையைப் பார்த்துச் சொன்னாள். "இந்தக்கா வூட்ல புளி கீதான்னு கேட்டுச் சொல்லு. எங்க வூட்ல தீந்துபோச்சு."

நான் எழுந்து புளி எடுக்க உள்ளே போனேன்.